என் பேரில் செத்துப்போன மாடு

அருள்,

கவரை ஒட்டாமத்தான் பால் வண்டி டிரைவர்கிட்ட கொடுத்து அனுப்புறேன். வழியில அவன் படிச்சாலும் சரி, பெங்களூரு ஆஸ்டின் டவுன்ல உன் வீட்டு ஓனரம்மா படிச்சாலும் சரி, எனக்கு ஒண்ணும் இல்லை. போன்ல சொல்லலாம்தான். நான் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள மீட்டிங்ல இருக்கேம்மான்னு வெச்சிடுவே. கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கு, மாப்பிள்ளைக்கு மட்டும் மீட்டிங் ஓயவே இல்லை. காகிதத்தை அப்படி வெச்சிட முடியாது. வேணும்னா கிழிச்சுப் போடலாம். கிழிச்சா இன்னொண்ணு எழுதுவேன். எனக்கு இப்போ மாட்டு வேலை குறைஞ்சுபோச்சு, நேரம் நிறைய கிடக்கு.

கல்யாணம் பண்ணிக்கப் போற மகனுக்கு அம்மா எழுதற கடிதம் எப்படி இருக்கணும்னு எனக்கும் தெரியும். பொண்டாட்டியை நல்லா வெச்சுக்கோ, ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. இதெல்லாம் உன் மாமாங்க ஹால்ல மைக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுவாங்க, போதும் போதும்னாலும் விடமாட்டாங்க. எனக்குச் சொல்ல ஒரே விஷயம்தான் இருக்கு. முனிரத்னம்மாவோட மாடு. படிச்சதும் உன் மூஞ்சி சுருங்கும். சுருங்கட்டும், அந்த அளவுக்காவது சொரணை மிச்சம் இருக்குன்னு நெனச்சுக்கறேன்.

முனிரத்னம்மாவை நீ மறந்திருக்க முடியாது. நம்ம வீட்டுப் பின்சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவ. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூணையும் ஒரே மூச்சுல பேசுவா. புருஷன் போய் மூணு வருஷம் ஆச்சு, பிள்ளை குட்டி கிடையாது. ஒரே ஒரு கறுப்பு மாடு. அது கறக்கற பாலைச் சங்கத்துல ஊத்தி, அதுல வர்றதை வெச்சு யார்கிட்டயும் கை நீட்டாம இருந்தா. நீ இஞ்சினியரிங் படிக்கறப்போ பரீட்சை சமயத்துல நம்ம வீட்டு மாடு கறவை வத்திப்போச்சு. அப்போ ஒன்றரை மாசம் அவதான் சுவத்து மேலால உனக்குன்னு ஒரு சொம்பு பால் நீட்டினா. காசு கொடுத்தா சண்டைக்கு வருவா. நான் இதை உன் மனசை உருக்கச் சொல்லலை. உருகற மனசா இருந்தா அன்னிக்கே உருகியிருக்கும். யாரோட வயித்துல அடிச்சோம்னு விவரமா தெரியட்டும்னு சொல்றேன்.

போன வருஷம் தீபாவளியை ஒட்டி மாடுங்களுக்குக் கட்டி நோய் வந்துச்சே, நீ ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தே. உடம்பு பூரா உருண்டை உருண்டையா வீங்கி, கால் பெருத்து, பச்சைப் புல்லைக்கூட திரும்பிப் பாக்காம மாடு நிக்கும். நம்ம நாலுல ரெண்டு போச்சு, வெள்ளையும் ஜெர்சியும். அதே வாரத்துல முனிரத்னம்மாவோட கறுப்பும் போச்சு. தடுப்பூசி போட வேண்டிய புண்ணியவானுங்க மாடெல்லாம் சாக ஆரம்பிச்சப்புறம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. கணக்கெடுக்க வந்த இன்ஸ்பெக்டரு கர்சீப்ல சென்டு போட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்னாரு. அங்க இருந்தபடியே, செத்தது பசுவா எருதான்னு என்னைக் கேட்டாரு. சம்பளம் வாங்கறது அதைப் பாத்துச் சொல்றதுக்குத்தான். நான் யானைன்னு சொல்லியிருந்தாலும் எழுதிக்கிட்டுப் போயிருப்பாரு.

அப்புறம் அரசாங்கம் செத்த மாட்டுக்கு நிவாரணம்னு அறிவிச்சுது. அதுக்கு ஒரு நிபந்தனை. ஒவ்வொரு மாட்டுக் காதுலயும் மஞ்சள் வில்லை ஒண்ணு குத்தியிருக்காங்களே, நம்பர் போட்டது, அந்த வில்லையோட காதை அறுத்துக் காட்டணும். வில்லை இல்லாத மாடு அவங்க கணக்குல சாகவே இல்லை. அதனால ஊர்ல அத்தனை பேரும் மாட்டைப் புதைக்கறதுக்கு முன்னாடி காதை அறுத்து உப்புல போட்டு வெச்சோம். அழுதுகிட்டே அறுத்தோம். ஏரிக்கரையில ஃபார்ம் ஹவுஸ் கட்டியிருக்கிற பெரிய மனுஷன் மட்டும் அழலை. அவனுக்குச் செத்தது ஒரே ஒரு மாடு. அதை நாலு பக்கமும் திருப்பிப் போட்டுப் போட்டோ பிடிச்சு, எங்கிருந்தோ நாலு வில்லையைக் கொண்டுவந்து, அந்த ஒரே மாட்டை நாலு தடவை சாக வெச்சான். அவனுக்குத்தான் முதல்ல பணம் வந்துச்சு. அவன் செஞ்ச வேலையைக் கேட்டப்போ நீ காறித் துப்பினே. அன்னிக்கு எனக்குப் பெருமையா இருந்துச்சு, அந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்ல.

நிவாரணம் கொடுக்கிற விழாவை நீ பாக்கலை, தப்பிச்சே. பள்ளிக்கூட மைதானத்துல ஷாமியானா போட்டாங்க, மேடைக்கு மட்டும். மாடு செத்தவங்க எல்லாரும் வெயில்ல நிக்கணும். பதினோரு மணிக்கு வர்றதா சொன்ன தலைவரு ரெண்டரைக்கு மூணு காரோட வந்தாரு. பணம் எப்படியும் பேங்க்குலதான் விழும், ஆனா போட்டோவுக்காகக் கதவு சைசுக்கு ஒரு அட்டைச் செக் செஞ்சு வெச்சிருந்தாங்க. அதை ஒருத்தர் கையில கொடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, பிடுங்கி அடுத்தவர் கையில கொடுப்பாங்க. தலைவரு மாலை போடறதுக்கு ஒரு மாடு வேணும். ஊர் மாடெல்லாம் ஒண்ணு மண்ணுக்குள்ள, இல்லேன்னா கட்டியோட நிக்குது. எங்கிருந்தோ வேன்ல ஒண்ணை ஏத்திக்கிட்டு வந்தாங்க. அது மாலையைப் போட்டதும் தின்னுடுச்சு, கம்பளத்து மேலேயே சாணி போட்டுச்சு. அந்த மைதானத்துல அன்னிக்கு மரியாதையா நடந்துக்கிட்டது அந்த மாடு ஒண்ணுதான்.

இந்தக் கும்பலை எல்லாம் நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன், உனக்குத் தெரியும். திட்டறதுக்கு எனக்கு யோக்கியதை இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதைத்தான் நீயும் நானும் சேர்ந்து தொலைச்சோம்.

நீ லீவுல இருந்த அந்த வாரம், முனிரத்னம்மா ஒரு ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வந்தா. உள்ள உப்பு, உப்புக்குள்ள அவ மாட்டுக் காது, காதுல மஞ்சள் வில்லை. விண்ணப்பத்தை கம்ப்யூட்டர்ல போடணுமாம், ஊர்லயே அருள்தான் அதுல படிச்சவன், அவன் கையால போட்டா சரியா இருக்கும்னு சொன்னா. நீ பாட்டிலை வாங்கி ஜன்னல் மேல வெச்சே. வில்லை அவ புருஷன் பேர்ல பதிவாகியிருக்கு, வாரிசு சான்றிதழ் இல்லாம ஆகாது, பாக்கறேன்னு சொன்னே. அவ தலையை ஆட்டிட்டு, உனக்குன்னு கொண்டுவந்த வேர்க்கடலையைக் கொடுத்துட்டுப் போனா. மறுநாள் நீ என்கிட்ட கையெழுத்து வாங்கினே. மூணு தாள். நமக்குச் செத்தது ரெண்டு மாடு. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ, மூணு வரைக்கும் எண்ணத் தெரியும். எதுக்குடா மூணாவதுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. அடுப்புல குழம்பு கொதிக்குதுன்னு எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கிட்டு எழுந்து போயிட்டேன். குழம்பு ஒண்ணும் அவ்வளவு அவசரமா கொதிக்கலை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பணம் விழுந்துச்சு, பாஸ்புக்குல மூணு வரி. அன்னிக்கு உனக்குப் போன் போட்டேன். அன்னிக்கு மட்டும் உனக்கு மீட்டிங் இல்லை. முனிரத்னம்மா புருஷன் உயிரோட இருக்கறப்பவே மாட்டை எனக்கு வித்துட்டதா ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி, பழைய தேதி போட்டு, கீழே கைநாட்டு வெச்சு ஏத்தியிருக்கேன்னு நீயே சொன்னே. மண்ணுக்குள்ள போய் மூணு வருஷம் ஆன மனுஷனோட கட்டைவிரல். யாரோட விரலைடா மையில தோய்ச்சேன்னு நான் கேக்கலை. அப்புறம் நீ ஒண்ணு சொன்னே, அது இன்னும் காதுல இருக்கு.

"அவங்களுக்கு எப்படியும் வராதும்மா. வீணாப் போறதை நாம எடுத்தா என்ன?"

எவ்வளவு நல்லாப் பேசறே. அந்த ஃபார்ம் ஹவுஸ்காரன்கூட இவ்வளவு நேர்த்தியா பேசமாட்டான். திருடனுக்குத் திருடறோம்னு தெரியும், அந்த மட்டுக்கு அவன் நேர்மையானவன். நீ வீணாப் போறதைக் காப்பாத்தற மகாத்மா. வாரிசு சான்றிதழ் வாங்க ஒரு நாள் அவளோட தாலுக்கா ஆபீசுக்கு நடந்திருந்தா அவளுக்கே வந்திருக்கும். அந்த ஒரு நாள் உனக்கு வீண், அவ மாட்டுப் பணம் மட்டும் வீண் இல்லை. படிச்சவனுக்கு எதை வீண்னு சொல்றதுன்னு நல்லாத் தெரியுது.

உன்னைச் சொல்லிட்டு என்னை விட்டா கடிதம் அரைகுறையா நின்னுடும். இந்த வேலையை நீ எங்க கத்துக்கிட்டே? காலேஜ்ல இதைச் சொல்லித் தரமாட்டாங்க. உனக்கு ஸ்காலர்ஷிப் வாங்க வருமானச் சான்றிதழ் வேணும்னு உங்க அப்பாவும் நானும் அலைஞ்சோமே, ஞாபகம் இருக்கா? அப்போ நம்மகிட்ட அஞ்சு மாடு. அஞ்சு மாடு இருக்கற வீட்டை ஏழை வீடுன்னு எழுத முடியாதுன்னு கிராமக் கணக்கரு நேர்ல பாக்க வர்றதா சொல்லியிருந்தாரு. அன்னிக்குக் காலையில அஞ்சையும் ஓட்டிக்கிட்டுப் போய் உன் சித்தப்பா கொட்டகையில கட்டினோம். சாணியை வழிச்சுக் கழுவினோம். கணக்கரு வந்து உக்காந்தாரு. மாடெல்லாம் போச்சுங்கன்னு நான் முந்தானையில மூக்கைச் சிந்தினேன். அவரு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள கறவை நேரம் ஆயிடுச்சு. உன் சித்தப்பா எப்படி முடிச்சுப் போட்டானோ, அஞ்சு மாடும் வரிசையா தெருவுல வந்து, கேட்டைத் தள்ளிக்கிட்டு, அவரு முட்டியை இடிச்சுக்கிட்டு உள்ள போய் அதது இடத்துல நின்னுக்கிச்சு. கணக்கரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. ரெண்டு கிலோ நெய் வாங்கிக்கிட்டு ஏழைன்னு எழுதிக் கொடுத்தாரு. நீயும் வாசல்ல நின்னு சிரிச்சே. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல உங்க அப்பா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி நம்ம மூணு பேரும் சிரிச்சோம். எனக்கு வெக்கமா இருந்திருக்கணும், இல்லை. அந்தப் பொய்ச் சான்றிதழால எந்த ஏழைப் பையனுக்கு ஸ்காலர்ஷிப் போச்சுன்னு ஒருத்தரும் பேசலை. அன்னிக்கு உன்னைக் கெடுத்தது நான்தான். அதை நான் ஒத்துக்கறேன். ஒத்துக்கறதால நீ தப்பிச்சேன்னு நெனச்சுக்காதே, உனக்கு இப்போ முப்பத்தொரு வயசு.

பணம் விழுந்ததுல இருந்து எட்டு மாசம் நான் வாயைத் திறக்கலை. அந்தப் பணம் உன் கல்யாண ஹாலுக்கு அட்வான்ஸா போயிடுச்சு. முனிரத்னம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் பின்சுவத்துக்கிட்ட வந்து நிப்பா. "நம்மது யாவாக பருத்தம்மா?"ன்னு கேப்பா, எப்போ வரும்னு. நான் நீ சொல்லிக் கொடுத்தபடி சர்வர் டவுன்னு சொல்லுவேன். சர்வர்னா என்னன்னு எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் அதைப் பெரிய மழை வெள்ளம் மாதிரி பாவிச்சுக்கிட்டு நிப்போம். அவ சரிம்மான்னுட்டுப் போவா. மாடு போனப்புறம் அத்திபெலே பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்ல மாடிப்படி பெருக்கற வேலைக்குப் போறா. அறுபது வயசுக்கு மேல அவளுக்கு, ஏழு மாடி. நான் இந்த எட்டு மாசத்துல மூணு தடவை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். வரப்போற மருமகளைப் பத்தி மனசுல குறை நெனச்சதைச் சொன்னேன், பால் வண்டிக்காரன்கிட்ட கோவப்பட்டதைச் சொன்னேன், இதை மட்டும் விட்டுட்டு எல்லாத்தையும் சொன்னேன். சாமியாரு என்னை நல்ல ஆத்துமான்னு சொல்லி அனுப்பினாரு.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். அவ பத்திரிகையை வாங்கி நெத்தியில ஒத்திக்கிட்டா. பொண்ணு பேரு என்னன்னு கேட்டா, ஷீலான்னேன், நல்லா இருக்கட்டும்னா. அவ பிளாஸ்டிக் நாற்காலியில என்னை உக்கார வெச்சு, அவ தரையில உக்காந்தா. பணம் வரும் முனிரத்னம்மா, கல்யாணம் முடிஞ்சதும் அருளே நேர்ல போய்ப் பாப்பான்னு நானா ஆரம்பிச்சேன். அவ கேக்கக்கூட இல்லை. அவ என் மூஞ்சியைப் பாத்து ரொம்ப சாதாரணமா சொன்னா.

"லிஸ்ட்டை பஞ்சாயத்து சுவத்துல கிறிஸ்துமஸ் அப்பவே ஒட்டிட்டாங்கம்மா. உங்க பேருக்கு நேரா மூணாவது நம்பர் என் மாட்டுது."

எனக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும்னு சொன்னா. எட்டு வருஷமா சங்கத்துல பால் ஊத்தறப்போ அந்த வில்லையோட கடைசி நாலு நம்பரைச் சொல்லித்தான் ஊத்தியிருக்கா. பேரை மட்டும் பஞ்சாயத்து வாட்ச்மேன்கிட்ட படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கா. எட்டு மாசமும் தெரியும் அவளுக்கு. தெரிஞ்சேதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து எப்போ வரும்னு கேட்டிருக்கா. ஏன் முனிரத்னம்மா, முதல் நாளே என் மூஞ்சியில காறித் துப்பியிருக்கலாமேன்னு கேட்டேன். "கேட்டுக்கிட்டே இருந்தா நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்தேன்"ன்னா. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை திட்டலை. எழுந்து போய் எனக்கு டீ போட்டுக்கிட்டு வந்தா, நான் அதைக் குடிச்சேன். அருள், என் வாழ்க்கையில அப்படி ஒரு டீயை நான் குடிச்சதில்லை.

மறுநாள் மிச்சம் இருந்த ரெண்டு மாட்டுல நல்லது எது, செவலை, அதைக் கன்னோட ஓட்டிக்கிட்டுப் போய் அவ கொட்டகையில கட்டிட்டு வந்தேன். தீர்ந்துச்சுன்னு நெனச்சேன். விடிஞ்சு பாக்கறேன், செவலையும் கன்னும் நம்ம கேட்டுல கட்டியிருக்கு, முன்னாடி புல்லும் போட்டிருக்கு. போய்க் கேட்டேன். உங்க மாடு எனக்கு எதுக்கு, என் மாடு செத்துச்சுன்னு கவர்மெண்ட்டு எழுதணும், அது உங்க மாடு செத்துச்சுன்னு எழுதி வெச்சிருக்குன்னா. அப்புறம்தான் விவரம் சொன்னா. மாடு செத்தவங்களுக்குப் புது மாடு வாங்க லோன் கொடுக்கறாங்க. அந்த லிஸ்ட்டுல இருக்கறவங்களுக்கு மட்டும்தான். இவ போய்க் கேட்டா, உன் புருஷன்தான் மாட்டை எப்பவோ வித்துட்டானே, இல்லாத மாட்டுக்குப் பணம் கேக்க வந்தியான்னு கவுன்டர்ல விரட்டியிருக்காங்க. வரிசையில நின்ன ஊர்க்காரங்க சிரிச்சிருக்காங்க. நீ வெச்ச கைநாட்டு அவ காசை மட்டும் எடுக்கலை, அவளைப் பொய்க்காரின்னும் ஆக்கிடுச்சு. லிஸ்ட்டைத் திருத்தறதுக்குக் கடைசி நாள் வர்ற வியாழக்கிழமை. அது போச்சுன்னா நிவாரணமும் இல்லை, லோனும் இல்லை, உயிர் இருக்கற வரைக்கும் அவ ஏழு மாடியைப் பெருக்க வேண்டியதுதான்.

அன்னிக்கே ஆனேக்கல் தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். அங்க நடந்ததைக் கேட்டா உனக்குச் சிரிப்பு வரும், எனக்கு அன்னிக்கு வரலை. தப்பா வந்த பணத்தைத் திருப்பிக் கட்டணும்னு சொன்னேன். கவுன்டர்ல இருந்தவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. பணம் வரலைன்னு எழுதிக் கொடுக்க ஃபார்ம் இருக்காம், குறைச்சலா வந்துச்சுன்னு எழுதிக் கொடுக்க ஃபார்ம் இருக்காம், திருப்பிக் கொடுக்கறதுக்கு ஃபார்மே கிடையாதாம். அப்படி இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையாம். யாரும் கேக்கலையே, சும்மா போய் இருங்கம்மான்னு புத்தி வேற சொன்னாரு. நான் நகரலை. நாளே பன்னின்னு கன்னடத்துல சொன்னாரு, நாளைக்கு வாங்கன்னு. மறுநாளும் போனேன். அதுக்கு மறுநாளும் போனேன். என் தொல்லை தாங்காம மேடம்கிட்ட அனுப்பினாரு. அந்த சூப்பரின்டெண்டம்மா ஒருத்திதான் அந்தக் கட்டடத்துல நிமிர்ந்து பாத்துப் பேசினவ. நடந்ததை வெள்ளைத் தாள்ல எழுதுங்க, பணத்தை சலான்ல கட்டுங்க, விண்ணப்பம் போட்டவங்களும் அந்தக் கைநாட்டுத் தாளைத் தயார் பண்ணினவங்களும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா நான் அன்னிக்கே லிஸ்ட்டைத் திருத்தறேன்னு சொன்னாங்க. கேஸ் ஆகுமான்னு கேட்டேன். தானா வந்து சொன்னா ஒரு மாதிரி, நாங்களா கண்டுபிடிச்சா வேற மாதிரின்னாங்க. எந்த மாதிரின்னு அவங்க சொல்லலை, நானும் கேக்கலை. செவலையையும் கன்னையும் வித்துட்டேன், சலான் கட்டியாச்சு. ஹால் அட்வான்ஸை நான் திரும்பக் கேக்கமாட்டேன், பயப்படாதே.

உனக்கு இப்போ என்னென்ன ஓடும்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல தெரிஞ்சா என்ன ஆகும், ஷீலாவோட அப்பா என்ன நினைப்பாரு, கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாமே. கல்யாணம் முடிஞ்சா வியாழக்கிழமையும் முடிஞ்சிருக்கும், அதையும் நீ வீணாப் போச்சுன்னு சொல்லிடுவே. ஷீலாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. அது உன் வேலை. சொல்லாமலேயே தாலி கட்டினா, பெருக்கற வேலைக்குப் போறவளை ஏமாத்தினவன் இப்போ கூடப் படுக்கறவளையும் ஏமாத்தறான்னு அர்த்தம், வேற அர்த்தம் எனக்குத் தெரியலை. அவ நல்ல பொண்ணு. போன மாசம் வந்தப்போ சாணி மிதிச்சுட்டு முகம் சுளிக்காம கால் கழுவிக்கிட்டா. உன்னைவிடப் பெரிய மனசு அவளுக்கு இருக்கலாம், இருக்கான்னு நீதான் கேட்டுப் பாக்கணும். நான் உன்மேல கோவமா இருக்கேன்னு மட்டும் நெனச்சுக்காதே அருள். கோவம்னா அடங்கிடும். எனக்கு உன்னைப் பாத்தா கேவலமா இருக்கு, கண்ணாடியில என்னைப் பாத்தாலும் அப்படியே இருக்கு. பெத்த பிள்ளையைப் பத்தி இப்படி எழுத வெச்சிட்டியேன்னு எழுதறப்போ அழுதேன், அதையும் சொல்லிடறேன், மறைக்கறதுக்கு இனிமே எனக்குத் தெம்பு இல்லை.

மேடம் கேட்ட தாளை நானே கைப்பட எழுதி முடிச்சுட்டேன். மாடு யாருது, காதை யாரு கொண்டுவந்தது, மூணாவது தாள்ல பாத்தும் பாக்காம கையெழுத்துப் போட்டது யாரு, தெரிஞ்சும் எட்டு மாசம் சர்வர் டவுன்னு புளுகினது யாரு, எல்லாம் என் பேரைப் போட்டு எழுதியாச்சு. செத்தவன் கைநாட்டை வெச்சது யாருங்கற இடத்துல மட்டும் ஒரு வரி காலியா விட்டிருக்கேன். வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு நானும் முனிரத்னம்மாவும் தாலுக்கா ஆபீஸ் வாசல்ல இருப்போம். அஞ்சு மணிக்குக் கவுன்டரை மூடிடுவாங்க. நீ வந்தா அந்த வரியை நீயே எழுது. நாலரை மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் நான் எழுதிடுவேன். அந்தப் பேரை உனக்கு வெச்சவ நான்தான்.

அம்மா